தோப்பு வழியே கடலுக்குப் போகும் பாதை: கேட்டா, கோர்ட்டா, பத்திரமா?

தோப்பை வாங்கியவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம் ஊர்க்கூட்டத்தில் பாதி நேரம் அவரைத் திட்டுவதிலேயே போய்விட்டது. சொந்தப் பணத்தில் நிலம் வாங்கியிருக்கிறார். கிரயம் முறையாகப் பதிவாகியிருக்கிறது, பட்டாவும் அவர் பெயருக்கு மாறிவிட்டது. தேங்காய் களவு போகிறது, ராத்திரியில் வெளியாட்கள் வந்து குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், அதனால் சுற்றுச்சுவர் கட்டப்போகிறேன் என்கிறார். நமக்காக ஓர் இரும்புக் கேட் வைத்து, காலை ஐந்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை திறந்து வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். "ஊர்க்காரங்க போகவர நான் ஒருநாளும் தடை சொல்லமாட்டேன்ணே" என்று சங்கத் தலைவரிடம் அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மனசாரத்தான் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்டை ஏற்றுக்கொள்வதா, பரம்பரைப் பாதை என்று கோர்ட்டுக்குப் போவதா, கலெக்டரிடம் மனுக் கொடுப்பதா, பாதையைப் பத்திரமாக எழுதி வாங்குவதா, பணம் திரட்டி விலைக்கே வாங்கிவிடுவதா என்று ஆளுக்கொரு பேச்சு. நான் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன். எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், பாக் விரிகுடாவைப் பார்த்து இருக்கிறது. ஆனால் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் பல ஊர்களுக்கு இந்தக் கவலை வரக்கூடியதுதான். ஓர் இடத்தில் தென்னந்தோப்பு, இன்னோர் இடத்தில் இறால் பண்ணை, வேறோர் இடத்தில் ரிசார்ட். அதனால் எங்கள் ஊருக்கென்று யோசித்ததை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பாதையில் யார் எப்போது போகிறார்கள்? நண்டு வலைக்குப் போகிற வள்ளம் விடியக்காலை மூன்று மணிக்கே கிளம்பும். அதற்கு முன்னால் வலையும் ஐஸ் பெட்டியும் டீசல் கேனும் தோப்பு வழியாகத்தான் கரைக்குப் போக வேண்டும். காலை ஐந்து மணிக் கேட் இவர்களுக்கு உதவாது. கடற்பாசி வளர்க்கிற பெண்களுக்கு மூங்கில் வர வேண்டும். ஒரு மிதவை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, அந்த மூங்கிலைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குள் திரும்ப முடியாது, சின்ன யானை என்கிற சிறு சரக்கு வண்டியில்தான் வரும். தோப்பின் வடக்கு ஓரத்தில், மணல்மேட்டுக்குக் கீழே, ஊற்று இருக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரம், ஆனால் சித்திரையிலும் கையால் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். பெரியம்மா இன்றைக்கும் எட்டுக் குடம் வைத்த தள்ளுவண்டியை அங்கேதான் தள்ளிக்கொண்டு போகிறார். குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் குடிக்கவும் சோறாக்கவும் அவருக்கு ஊற்றுத் தண்ணீர்தான்.

போன ஐப்பசியில் ஒருநாள் காவலாள் பாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். சாயந்திரம் வாடைக்காற்று ஏறிவிட்டது. வள்ளங்களை மேலே இழுக்க டிராக்டர் வந்து சங்கிலிக்கு முன்னால் நிற்கிறது, சாவி ராமநாதபுரத்தில் இருக்கிறது. கடைசியில் ஆண்களும் பெண்களுமாகக் கையால் இழுத்தோம். ஒரு வள்ளத்தின் அடிப்பலகை கல்லில் உரசிப் பிளந்தது. காவலாள் மறுநாள் வந்து வருத்தப்பட்டார், சண்டை எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சங்கிலியைப் பார்த்தபோதுதான் பாதை இனி நம் கையில் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதை நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் நிறுத்துப் பார்ப்பேன்: இந்தத் தோப்பு அடுத்தவருக்குக் கைமாறினால் பாதை நிற்குமா? இவர் நல்லவர், சரி. இவருடைய பிள்ளைகளிடமிருந்து வாங்கப்போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது.

கேட்

கூட்டத்தில் அதிகம் பேர் விரும்பியது இதைத்தான். செலவில்லை, பகையில்லை, நாளைக்கே முடிந்துவிடும். எனக்கு மிகவும் பயமாக இருப்பதும் இதுதான்.

1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம்தான் இன்றைக்கும் இந்த விஷயத்தில் நடப்பில் இருக்கிறது. மற்றவர் நிலத்தில் நடப்பதற்கு அது இரண்டு விதமான பெயர் வைக்கிறது. உரிமையாக நடப்பது ஒன்று, அனுமதியின் பேரில் நடப்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதே காலடி, அதே மணல். ஆனால் அனுமதியை அவர் நினைத்தால் திரும்பப் பெறலாம். அந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: அனுமதி கொடுத்தவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. நான் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இருபது வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமை என்ற எண்ணத்தோடு நடந்திருந்தால் அது சட்டப்படி உரிமையாகும் என்கிறது 15-ஆம் பிரிவு. அரசு நிலமென்றால் முப்பது வருடம். ஆனால் அந்த இருபது வருடம், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிகிற இருபது வருடமாக இருக்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து நடந்தோம் என்பது மட்டும் போதாது, நேற்று வரை உரிமையாக நடந்தோம் என்று காட்ட வேண்டும். இன்றைக்குக் கேட்டை ஏற்றுக்கொண்டு, "நில உரிமையாளரின் அனுமதியின் பேரில் இவ்வழியைப் பயன்படுத்தி வருகிறோம்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, மூன்று வருடம் கழித்து அவரோ அடுத்தவரோ கேட்டைப் பூட்டினால், அறுபது வருட நடையும் அந்த மூன்று வருடத்தில் கரைந்துபோகும். அவர் காட்டிய கடித நகலில் அதே வார்த்தைகள்தான் இருந்தன. வேண்டுமென்றே அப்படி எழுதினாரா, எங்கிருந்தாவது பார்த்து எழுதினாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொள்வது இதுதான்: யாரும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். காவலாள் நோட்டுப் போட்டுப் பெயர் எழுதச் சொன்னாலும் எழுதாதீர்கள்.

வழக்கு

இளைஞர்கள் பேசியது இதைத்தான். உரிமை நம் பக்கம் இருக்கிறது என்று நானும் நம்புகிறேன். ஏன் நம்புகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர்ப் பாதையும் இதே மாதிரிதான் காணாமல் போயிருக்கக்கூடும்.

வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு 1962-ஆம் வருடக் கிரயப் பத்திரம் ஒன்றின் நகல் வாங்கினேன். அன்றைக்கு இது ஒரே தோப்பு இல்லை, இரண்டு பேருடைய இரண்டு புஞ்சை. மேற்குப் புஞ்சையின் நான்கெல்லையில், சாய்ந்த கையெழுத்தில், "கடற்கரைக்குப் போகும் மாமூல் பாதைக்கு மேற்கு" என்று எழுதியிருக்கிறது. மாமூல் என்றால் வழக்கமாக இருந்துவருவது. அந்த வரியை நான் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். 1991-இல் ஒருவரே இரண்டு புஞ்சையையும் வாங்குகிறார். இப்போது இரண்டும் சேர்ந்து ஒரே சொத்து விவரம். வெளி எல்லை நான்கு மட்டும் போதுமே, நடுவில் இருந்த எல்லையை எழுதத் தேவையில்லை. எல்லையோடு பாதையும் போய்விட்டது. யாரும் அழிக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. இப்போதைய கிரயம் அந்த 1991 பத்திரத்தைப் பார்த்து எழுதியது. கடைசிப் பக்கத்தில் "மாமூல் வழிநடைப் பாத்தியங்கள் உட்பட" என்று வழக்கமாக எழுதுகிற ஒரு வரி மட்டும் மிச்சம் இருக்கிறது.

நிலத்திலும் அடையாளம் இருக்கிறது. தோப்புக்கு நடுவில் போய் நின்று வடக்கே பாருங்கள். தென்னை எல்லாம் பிறகு வைத்தது. ஆனால் இரண்டு வரிசைப் பனை நேராகக் கடலைப் பார்த்துப் போகும், அவை அன்றைய இரண்டு புஞ்சைகளின் வேலிக்கால் பனைகள். இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு வண்டி போகிற இடம். அங்கே மணல் இரண்டு பக்கத்தைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்கிறது. எத்தனை காலில் அந்த ஒரு சாண் தேய்ந்திருக்கும்!

அரசாங்க வரைபடத்தில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இந்தப் பக்கமெல்லாம் சேதுபதி சமஸ்தானத்து ஜமீன் நிலம். 1948-ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் நிலத்துக்காரர் அரசுக்கே நேரடியாகத் தீர்வை கட்டுகிற ரயத்துவாரிக்கு மாறி அளவையாகிப் பட்டா வந்தது. அப்போது வண்டிப்பாதை என்று தனிப் புல எண் போட்ட இடங்கள் தப்பித்தன. இரண்டு பட்டாவுக்கு நடுவே அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி என்று போன பாதைகளுக்கு எண் இல்லை. எண்பதுகளில் நிலப்பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். கணக்கிலும் அது ஏறவில்லை. உங்கள் ஊரில் எஃப்.எம்.பி. என்கிற புல அளவை வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். புள்ளிக்கோடு இருந்தாலே பெரிய பலம்.

இத்தனை இருந்தும் வழக்கை நான் முதலில் சொல்லமாட்டேன். முன்சீப் கோர்ட், அப்பீலுக்கு சப் கோர்ட், அதற்கு மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஒரு தலைமுறையையே எடுத்துக்கொண்ட பாதை வழக்குகளை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். இடைக்காலத் தடை கிடைத்தால் சுவர் நிற்கும், கிடைக்காவிட்டால் சுவர் எழுந்த பிறகு வழக்கு நடக்கும். யார் வழக்குப் போடுவது என்பதும் கேள்வி. 15-ஆம் பிரிவு உரிமை ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் வருவது. மனைப்பட்டா வைத்திருக்கிறவர் கேட்கலாம், பட்டா இல்லாமல் கரையோரம் குடிசை போட்டிருக்கிற குடும்பம் எந்த நிலத்தைக் காட்டிக் கேட்கும்? ஊர்ப் பொதுவழி என்றோ ஊர் வழக்கம் என்றோ எல்லார் சார்பிலும் சேர்ந்து போடலாம், அதற்கு நிரூபிக்க வேண்டியது இன்னும் அதிகம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவகை வழியுரிமைக்குள் இன்னொரு வகை அடங்காது என்கிறது 28-ஆம் பிரிவு. ஆள் நடந்ததை நிரூபித்தால் ஆள் நடக்கிற பாதைதான் கிடைக்கும். தள்ளுவண்டிக்கு எங்களிடம் சாட்சி உண்டு, மாட்டுவண்டிக்கும் உண்டு. சின்ன யானையும் டிராக்டரும் எத்தனை வருடமாக வருகின்றன? ஜெயித்த பிறகும் ஐஸ் வண்டியை வெளியே நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது?

ஆனாலும் வழக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும், அதற்குக் கெடு உண்டு. தடை என்று தெரிந்தும் ஒரு வருடம் வாய்மூடி இருந்துவிட்டால் அதுவே இருபது வருட நடையை முறிக்கிற குறுக்கீடாக எண்ணப்படும். வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் போகிற வழி ஒன்றும் இருக்கிறது: நிலத்தையோ நீரையோ பயன்படுத்தும் உரிமையில் அமைதி கெடும்படியான தகராறு வந்தால் அவர் விசாரித்து உத்தரவு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு என்று சொல்வோம், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 166. அதற்கு, வருடம் முழுக்க இருக்கிற உரிமையென்றால் கடைசி மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதனால் பாதையில் நடப்பதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. கோபத்தில் "இனி இவர் தோப்பு வழியே போகமாட்டோம்" என்று சுற்றிப்போகத் தொடங்குவதுதான் நாமே செய்துகொள்ளும் பெரிய கெடுதல்.

கலெக்டர் ஆபீஸ்

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியைச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கி வைப்பது நல்லது, தேதியோடு ஒரு சாட்சி ஆகும். ஆனால் விதி என்ன சொல்கிறது என்பதை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும்.

கரை அரசாங்கத்துடையது, அதில் சந்தேகமே இல்லை. அலை ஏறி இறங்குகிற இடத்தில் யாரும் வேலி போட முடியாது. கடற்கரை ரிசார்ட்டுகளுக்கென்று தனி வழிகாட்டுதல் இருக்கிறது: இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் மக்கள் போகவர விட வேண்டும், முள்கம்பி வேலி போட்டாலும் அது கரைக்குப் போகிறவர்களைத் தடுக்கக் கூடாது. இறால் பண்ணைகளுக்கும் அதுபோலவே, பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளுக்கு நடுவே 20 மீட்டர் விடச் சொல்லும் வழிகாட்டுநெறி உண்டு. 1996-இல் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகள் மேல் கடுமையான தீர்ப்புக் கொடுத்த பிறகு, 2005-இல் தனிச் சட்டம் வந்து, அதன்கீழ் வந்த ஏற்பாடு இது. உங்கள் ஊரில் தடை ரிசார்ட்டாலோ இறால் பண்ணையாலோ வந்தது என்றால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை முதலில் பிடியுங்கள். 20 மீட்டர் என்பது கேட்டுவாங்குகிற சலுகை இல்லை.

எங்கள் கேஸ் வெறும் தோப்பு. அதன் தென்வடல் நீளமே 600 அடி, சுமார் 183 மீட்டர். 2011 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கிற இடங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது, மற்ற இடங்களில் 200 மீட்டரே. இதைச் சொல்லிச் சுவருக்குத் தடை கேட்கலாம். கிடைக்கவும் கூடும். அதனால் பாதை வந்துவிடுமா? சுவர் இல்லாவிட்டால் கம்பிவேலி போடுவார். அதோடு கட்டுப்பாடு அவருக்கு மட்டும் இல்லை, நம் வலைக்கொட்டகையும் கருவாட்டுக் களத்து ஷெட்டும் அதே 200 மீட்டருக்குள்தான் இருக்கின்றன. அளக்க வருகிற அதிகாரி அவர் பக்கம் மட்டும் டேப் பிடிக்கமாட்டார். மனுக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதையைப் பற்றி மட்டும் எழுதுங்கள், சுவரைப் பற்றிப் புகார் எழுதாதீர்கள்.

துபாயிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவன், வெளிநாட்டில் எல்லாம் யார் நிலத்திலும் யாரும் நடக்கலாமாமே என்று கேட்டான். எல்லா இடத்திலும் இல்லை. சுவீடனில் பழைய வழக்கமாகவே அது இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003-இல் சட்டமே கொண்டுவந்து, வீட்டு முற்றமும் பயிர் நிற்கிற வயலும் தவிர்த்து, பொறுப்போடு நடக்கிற யாருக்கும் நிலத்தைத் திறந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அப்படி இல்லை. 1932-இல் கிண்டர் ஸ்கவுட் என்கிற மலைமேட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறி ஏறி, சிலர் ஜெயிலுக்குப் போய், கடைசியில் 2000-த்தில்தான் மேட்டுநிலம், தரிசு, பொது மேய்ச்சல் நிலம் என்று வரைபடம் போட்ட இடங்களில் மட்டும் உரிமை வந்தது. கரை நெடுகப் பாதை போடுவதற்கு 2009-இல் தனிச் சட்டம்.

அதைப் படித்தபோது எனக்கு ஊர் ஊராக ஆடு மேய்க்கிற நம் கீதாரிகளின் நினைவு வந்தது. அறுப்பு முடிந்த நிலத்தில் யாருடைய ஆடும் மேயும், அடுத்த விதைப்பு வரை வேலி கிடையாது, கிடை போட்டால் நிலத்துக்காரரே கூப்பிட்டு நெல் கொடுப்பார். காற்றில் விழுந்த பனம்பழத்தை எடுக்க யாரும் யாரையும் கேட்டதில்லை. எந்தச் சட்டமும் எழுதாமல் ராமநாதபுரம் சீமையில் அது நடந்துகொண்டிருந்தது. எழுதாததாலேயே இப்போது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. கோடு போட்ட ஒரு பாதையை மீட்டாலும் அந்தப் பரந்த வழக்கம் திரும்பாது, அது எனக்குப் பெரிய வலி. நமக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் சுவருக்கு அஸ்திவார வானம் தோண்டப்போவது தை மாதம்.

பத்திரம்

விலைக்கு வாங்குவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மிகவும் உறுதியானது அதுதான். ஆனால் நம்முடையது என்று நம்புகிற ஒன்றுக்கு நாமே பணம் கொடுப்பது, "அப்போ இதுநாள் வரை உங்களுது இல்ல" என்று ஒப்புக்கொள்வதாகும். யார் பெயரில் வாங்குவது என்பதிலும் சிக்கல். நாலு பேர் பெயரில் வாங்கினால் அவர்கள் காலத்துக்குப் பிறகு நாற்பது வாரிசு. சங்கத்தின் பெயரில் வாங்கினால் நிர்வாகம் மாறும்போதெல்லாம் தகராறு. வேறு எதுவுமே நடக்கவில்லை என்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

நான் சொல்வது, பாதையை ஊராட்சியின் பெயருக்குப் பதிவுப் பத்திரம் எழுதி வாங்கி, சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து, அதற்கென்று தனி எண் வாங்கிவிடுவது. எண் வந்துவிட்டால் அடுத்து எத்தனை கிரயம் நடந்தாலும் பாதை அதில் சேராது. 1991-இல் நடந்தது மறுபடி நடக்காது.

அவர் ஏன் கொடுக்க வேண்டும்? கணக்குப் பாருங்கள். பன்னிரண்டு அடி அகலம், 600 அடி நீளம், 7,200 சதுர அடி, பதினாறரை சென்ட். தோப்பு மொத்தம் மூன்று ஏக்கர் நாற்பது சென்ட். நூற்றில் ஐந்து பங்குகூட ஆகவில்லை. இப்போது பாதை தோப்பின் நடுவே போகிறது. அதை மேற்கு ஓரத்துக்கு மாற்ற ஊர் சம்மதித்தால் அவருக்குத் தோப்பு ஒரே துண்டாகிவிடும், ஒரே சுவரில் அடக்கலாம், களவுப் பயமும் பாதியாகக் குறையும். வழக்கு வரக்கூடிய நிலம் என்ற பெயரும் போய்விடும், வங்கியில் கடனுக்குப் போனாலும் விற்கப்போனாலும் அது அவருக்கு லாபம். நம்மிடம் 1962 பத்திர நகல் இருப்பதை அவரிடம் காட்ட வேண்டும், மிரட்டலாக இல்லாமல், உட்கார்ந்து பேசும்போது.

நமக்கு இதில் நஷ்டமும் இருக்கிறது, மறைக்கவில்லை. மேற்கு ஓரம் தாழ்வு. வாடைக் காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், மண் அடித்து உயர்த்த வேண்டும். ஊற்று தோப்புக்குள் போய்விடும். ஊராட்சிப் பாதை என்றாகிவிட்டால் ஊர்க்காரர் மட்டும் போக முடியாது, அரியமான் கரைக்கு வருகிற கார்கள் மாதிரி இங்கேயும் வரும், கருவாடு காயப்போட்ட இடத்தில் வண்டியைத் திருப்புவார்கள். வேண்டாம் என்று நினைக்கிற ஊர், ஊராட்சிக்குக் கொடுக்காமல், மனைகளின் பெயரில் வழிநடைப் பாத்தியமாக மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். எங்கள் ஊரில் பட்டா இல்லாத குடும்பங்கள் கரையோரம் இருப்பதால் அது அவர்களை வெளியே விட்டுவிடும். கார் வந்தாலும் பரவாயில்லை, அவர்களை விடக் கூடாது என்பது என் கருத்து.

எழுதும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று நான்கு இருக்கின்றன. "தானமாகக் கொடுக்கிறேன்" என்று மட்டும் எழுதினால் போதாது. "மாமூலாக இருந்துவரும் கடற்கரைப் பாதைக்குப் பதிலாகவும் அதை உறுதிப்படுத்தியும்" என்று முகப்பிலேயே வர வேண்டும், பின்னால் ஏதாவது காரணத்தால் பத்திரம் செல்லாது என்றாலும் பழைய உரிமை அடிபடக் கூடாது. வடக்கு எல்லையை 600 அடி என்று முடித்துவிடக் கூடாது. கடல் ஒரு வருடம் உள்ளே வரும், ஒரு வருடம் மணலைத் தள்ளிவிட்டுப் போகும். "வடக்கே கடற்கரைப் புறம்போக்கு வரை" என்று எழுதினால் கடல் எங்கே போனாலும் பாதை அதைத் தொடும். அகலம் பன்னிரண்டு அடி, வண்டி வாகனம் உட்பட, எந்த நேரமும் என்று எழுத வேண்டும், கேட் இல்லாமல். ஊற்றுக்குத் தனியாக ஒரு வரி: தண்ணீர் எடுக்கும் உரிமை, அங்கே போகவர நான்கு அடி நடைபாதையோடு. அந்த நாலடிப் பாதைக்கு வேண்டுமானால் கேட் போட்டுக்கொள்ளட்டும், சாவி ஊரிடம் ஒன்று இருக்க வேண்டும். பழைய பாதையை விட்டுக்கொடுக்கிற நாள், புதிய பத்திரம் பதிவாகி உட்பிரிவு எண் வந்த நாளுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ஒரு பனையைக்கூட அவர் தொட விடக் கூடாது. அந்த இரண்டு வரிசைதான் நம் சாட்சி. பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதும் நமக்கு ஒரு காப்பு.

ஊராட்சி தீர்மானம் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜனவரி 26 கிராம சபையில் வைக்கலாம், ஆனால் தை மாதத்தில் வானம் தோண்டினால் அது பிந்திவிடும். அதனால் அடுத்த ஊர்க்கூட்டத்தில் நான் கேட்கப்போவது இவ்வளவுதான்: கடிதத்தில் கையெழுத்து வேண்டாம், சங்கத் தலைவரும் இரண்டு பெண்களும் நானும் அவரைப் போய்ப் பார்த்து மேற்கு ஓரத்தைப் பேசுகிறோம், அதே வாரத்தில் கலெக்டருக்குப் பாதையைப் பற்றி மட்டும் ஒரு மனு. அவர் பதினைந்து நாளில் சம்மதிக்கவில்லை என்றால் வக்கீலிடம் போய் இடைக்காலத் தடைக்குத் தயாராவோம். பெண்கள் வர வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு நாளில் அதிகத் தடவை போகிறவர்கள் அவர்கள்தான், போன கூட்டத்தில் அவர்களில் ஒருவரும் பேசவில்லை.

வழக்கு என்றால் வாயால் சொல்கிற சாட்சியும் வேண்டும். அந்த இரண்டு புஞ்சைக்கும் நடுவே மாட்டுவண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு போனவர் ஊரில் ஒருவர்தான் மிச்சம், கிழக்குத் தெரு சீயான். எந்த வருடம் யார் புஞ்சையில் என்ன விதைத்தார்கள் என்பதுவரை நினைவு வைத்திருக்கிறார். அவருக்கு எண்பத்து நாலு வயது. புதன்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், பேப்பரும் பேனாவுமாக அவர் திண்ணைக்குப் போகிறேன். அவர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, நோட்டரியிடம் கொண்டுபோக வேண்டும்.